காட்டுக்குள் ஒரு சின்ன வீடு



தலைப்பைப் பார்த்ததும் கடைசி பெஞ்சில் கிளம்பும் சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. 1985-ல் பாக்யராஜ் படம் வந்த நாள் முதல் நம்ம ஊரில் "சின்ன வீடு" என்றாலே வேறு அர்த்தம்தான். நான் சொல்ல வந்தது அது இல்லப்பா! மரங்களுக்கு நடுவே, ஓர் ஆள் நிம்மதியாக நாலு நாள் தங்கிப் படிக்க, எழுத, தூங்க ஒரு சின்னக் குடில். அதை எப்படி டிசைன் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதற்குக் காரணம் எங்கள் ஃபைனல் இயர் பிராஜெக்ட். நாலு பேர் டீம். ராயப்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, மூன்று ராத்திரி கண் விழித்து, "ஃபாரஸ்ட் காட்டேஜ்" என்று ஒரு பிளான் போட்டோம். 24-க்கு 20 அடி, கான்கிரீட் தளம், முன்னால் போர்ட்டிகோ, அட்டாச்டு பாத்ரூம், செப்டிக் டேங்க். ஆட்டோகேடில் கலர் கலராகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கைடு முன்னால் போய் நின்றோம்.

சார் ஷீட்டை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் சரி. இதுல மரம் எங்கேப்பா?"

"சைட்டை கிளீன் பண்ணிட்டுத்தானே சார் கட்டுவோம்?"

"அப்ப இது காட்டுக்குள்ள வீடு இல்ல. காடு இருந்த இடத்துல வீடு."

எங்களுக்கு வாயடைத்துப்போனது. அவர் விடவில்லை. "இன்னும் மூணு கேள்வி இருக்கு. மழைத் தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது? அந்த இடத்துல ஏற்கெனவே யார் குடியிருக்காங்க? உங்க சிமெண்ட் லாரி எந்த வழியா வரும்? இந்த நாலுக்கும் பதிலோட வாங்க. அப்புறம் கையெழுத்து."

அந்த நாலு கேள்விகளுக்கும் நாங்கள் தேடிய பதில்தான் கீழே இருப்பது.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

அமெரிக்காவில் தோரோ என்ற எழுத்தாளர் 1845-ல் வால்டன் குளத்தருகே காட்டுக்குள் தானே ஒரு குடில் கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கும் மேல் வாழ்ந்தார். அளவு 15-க்கு 10 அடி. செலவுக் கணக்கையும் சல்லி பாக்கி இல்லாமல் எழுதி வைத்திருக்கிறார்: 28 டாலர் 12½ சென்ட். பலகை, செங்கல், ஜன்னல் என்று பலதும் பழைய சாமான்! நாம் எஸ்டிமேட்டிங் பேப்பரில் எழுதும் அப்ஸ்ட்ராக்டுக்கு அவர் முன்னோடி என்றே சொல்லலாம்.

சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டாரே லே கார்பூசியே, அவர் தனக்கென்று 1952-ல் பிரான்சின் கடலோரத்தில் கட்டிக்கொண்டது ஒரே ஓர் அறை. 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், உயரம் 2.26 மீட்டர். சமையலறை கிடையாது, பக்கத்து உணவு விடுதிக்குப் போக ஒரு கதவு மட்டும். 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அவருடைய கட்டடங்களில் இந்தச் சின்ன அறையும் ஒன்று. 3.66 மீட்டரை அடிக்கு மாற்றிப் பாருங்கள்: சரியாகப் பன்னிரண்டு அடி! எங்கள் தெருவில் ஒண்டுக் குடித்தனங்களில் ஐந்து பேர் குடியிருக்கும் அறையின் அளவும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே "இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி சார் இருப்பது?" என்று ராயப்பேட்டைக்காரன் கேட்க முடியாது. அலமாரியை எங்கே வைத்தால் பாய் விரிக்க இடம் கிடைக்கும் என்று நம் அம்மாக்களுக்குத் தெரிந்த இன்டீரியர் டிசைன் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம் மாநிலத்திலேயே இதற்கெல்லாம் மூத்த உதாரணம் இருக்கிறது. நீலகிரியில் தோடர் மக்களின் வீடு. பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்த கூரை. சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்தது. வாசல் மூன்று அடி உயரம்தான், குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும். குளிர் உள்ளே வராது, சூடு வெளியே போகாது, காற்று மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும், மழை நிற்காது. அந்த இடத்தின் குளிரும் காற்றும் மழையுமே அந்த வடிவத்தை வரைந்துவிட்டன. நாங்களோ இடத்தைப் பார்க்காமலே பிளான் போட்டிருந்தோம்!

பாண்டிச்சேரி ரோட்டில் ஒரு நாள் வகுப்பு

சரி, நேரில் பார்க்கலாம் என்று கிளம்பினோம். விடியற்காலையில் ராயப்பேட்டை மணிக்கூண்டு அருகே டீ குடித்துவிட்டு, திருவான்மியூர் போய் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் பிடித்தோம். இறங்கியது ஆரோவில்.

1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அங்கே காடு கிடையாது. செம்மண் மேடு. மழை பெய்தால் மண் அரித்துக் கடலுக்குப் போகும். முதலில் வந்தவர்கள் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தி, லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். அப்படி நட்டுக்கொண்டிருந்த காலத்தில் தங்குவதற்குச் செய்துகொண்டவற்றில் ஒன்றுதான் "கேப்ஸ்யூல்" என்று அங்கே சொல்லப்படும் ஒற்றை ஆள் குடிசை. சில கருங்கல் கால்கள், அதன் மேல் சவுக்குக் கட்டையில் சட்டம், கயிற்றால் கட்டு, பிளந்த பாக்கு மரத்தில் தரை, தலைக்கு மேல் தென்னங்கீற்று. ஊருக்கு ஊர் கிடைக்கிற சாமான்தான். ஆனால் தரையை விட்டு எழும்பி நிற்கிற விதத்தில் அது புதுசு.

அங்கே வேலை செய்யும் ஆசாரி அண்ணன் ஒருவர் எங்களைக் குனியச் சொல்லி, தரைக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். "தம்பி, கரையான் கல்லு மேலயும் மண்ணால குழாய் கட்டிக்கிட்டு ஏறும். ஆனா கல்லு கண்ணுக்குத் தெரியுது பாருங்க. ஏறினா உடனே தெரிஞ்சுடும், தட்டி விட்டுடலாம். சுவத்துக்குள்ள ஏறினா எப்படித் தெரியும்?"

ஒரு செமஸ்டர் பாடம் ஒரு வரியில்! குறைகளையும் அவரே சொன்னார். கீற்றை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். எலி வரும். நெருப்புக்குப் பயந்தே ஆக வேண்டும். புயலுக்கும்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது அந்த வட்டாரத்தில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அதனால் மரத்தோடு வாழ்வது என்றால் மரம் விழும் என்பதையும் சேர்த்துத்தான் டிசைன் செய்ய வேண்டும். இனி சாரின் கேள்விகளுக்கு வருவோம்.

மரம் எங்கே?

பிளான் போடுவதற்கு முன்னால் மர சர்வே. செயினும் டேப்பும் போதும். ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, கிளை எது வரை பரந்திருக்கிறது என்று தரையில் குறித்துக்கொள்ள வேண்டும். பட்ட கிளை, உள்ளே பொத்தல் விழுந்த மரம், சாய்ந்து நிற்கும் மரம் எல்லாவற்றையும் சிவப்பில் குறியுங்கள். அவை விழக்கூடிய தூரத்துக்குள் குடில் வரக்கூடாது.

அடுத்தது வேர். மரம் பராமரிப்பவர்கள் ஒரு நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: அடிமரத்தின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி ஆரம். ஓர் அடி விட்டமுள்ள மரம் என்றால் சுற்றிலும் 12 அடிக்குள் முடிந்தவரை மண்ணைத் தொடக்கூடாது. வேரை வெட்டினால் மரம் உடனே சாகாது. நாம் பில் வாங்கிக்கொண்டு போன பிறகு, ஒரு புயலில் நாம் கட்டிய கூரை மேலேயே சாயும்.

இப்போது கடைக்காலைக் கணக்குப் பண்ணுவோம். 12-க்கு 12 அடி அறைக்குச் சுற்றிலும் 2 அடி அகலம், 3 அடி ஆழத்தில் வானம் தோண்டினால்:

48 × 2 × 3 = 288 கன அடி.

அதற்குப் பதில் 6 அடிக்கு ஒன்றாக 9 கருங்கல் கால். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டரை அடி ஆழத்தில் ஒரு குழி:

9 × 1.5 × 1.5 × 2.5 = சுமார் 51 கன அடி.

ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை! தவிர, குழியில் வேர் வந்தால் அந்த ஒரு காலை மட்டும் அரை அடி நகர்த்தலாம். நீளமாக ஓடும் கடைக்காலில் அந்த வசதி கிடையாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இது கெட்டியான செம்மண்ணுக்குச் சரி. களிமண்ணாகவோ நிரப்பிய மண்ணாகவோ இருந்தால் மண் பரிசோதனை செய்யாமல் கால் ஊன்றாதீர்கள்.

தண்ணீர் எங்கே போகுது?

கூரை நாலு பக்கமும் 2 அடி வெளியே வந்தால் 16-க்கு 16 அடி, அதாவது சுமார் 24 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழைக்கு 2,400 லிட்டர். 2024-ல் ஃபெங்கல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தக் கணக்கில் இந்தச் சின்னக் கூரையிலிருந்து மட்டும் பத்தாயிரம் லிட்டருக்கு மேல். நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றை அப்படியே குடிலைச் சுற்றிக் கவிழ்த்த மாதிரி!

அத்தனை தண்ணீரும் இறவாரத்துக்கு நேர் கீழே ஒரே கோட்டில் விழுந்தால் மண் அரித்துக் கால் வெளியே வந்துவிடும். அதனால் அந்தக் கோட்டில் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி போட்ட சின்ன வாய்க்கால் வெட்டி, கான்டூர் ஓட்டத்திலேயே கொண்டுபோய் ஒரு பள்ளத்தில் சேர்க்க வேண்டும். மேட்டிலிருந்து வரும் வெள்ளத்தைக் குடிலுக்கு முன்பே வரப்பு கட்டி இரண்டு பக்கமும் பிரித்து விட வேண்டும். கால் மேல் நிற்பதால் மீதி வெள்ளம் அடியில் ஓடிவிடும். சாய்வு நிலத்தை வெட்டிச் சமதளமாக்கும் வேலையே வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கனமழைதான் காரணம் என்றாலும், மலையின் காலை வெட்டி, தண்ணீர் போகும் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை நம் சாயில் மெக்கானிக்ஸ் பாடமே சொல்கிறது.

கழிவறையைத் தள்ளிக் கட்டுங்கள். ஐ.எஸ். 2470 சொல்வது: உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி. ராத்திரி நடக்கச் சோம்பலாகத்தான் இருக்கும். குடிக்கிற தண்ணி முக்கியமா, சோம்பல் முக்கியமா?

லாரி எந்த வழியா வரும்?

பதில்: லாரி வரவே கூடாது. லாரிக்குப் பத்தடி பாதை வெட்டினால், குடிலுக்காகக் காப்பாற்றிய மரங்களை விடப் பாதைக்காக வெட்டிய மரம் அதிகமாகிவிடும். ஆகவே ஓர் ஆள் அல்லது இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய சாமான்தான் காட்டுக்குச் சரி. சவுக்குக் கட்டை, பலகை, ஓடு, துண்டு துண்டாக வரும் கல் கால்.

எடையைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ. நம் கூரை அளவுக்கு 6 டன். மங்களூர் ஓடு, ரீப்பரோடு சேர்த்து 65 கிலோதான். சாய்வையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 1.8 டன்.

"அப்ப லேசான கூரைதான் நல்லது" என்று எழுதி முடித்துவிடலாம் போலிருக்கிறது அல்லவா? நாங்களும் அப்படித்தான் எழுதினோம். சார் சிவப்பு மையால் சுழித்து "காற்று?" என்று ஒரே வார்த்தை எழுதினார்.

ஐ.எஸ். 875-ன் மூன்றாம் பகுதிப்படி நம் கடலோரத்தின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அழுத்தம் 0.6 × 50 × 50 = 1,500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கூரையின் சாய்வு, ஜன்னல் திறப்பு எல்லாவற்றையும் பொறுத்துக் கெழு மாறும். தோராயத்துக்கு 1 என்றே வைத்துக்கொண்டாலும் 24 சதுர மீட்டருக்கு 3.6 டன் மேல்நோக்கி இழுக்கும். கூரையின் எடையோ 1.8 டன். பறக்காமல் என்ன செய்யும்?

காப்பாற்றப்போவது அந்த 9 குழிகள்தான். 51 கன அடி கான்கிரீட்டும் கல்லும் சுமார் 3.4 டன் எடை. கூரையோடு சேர்ந்தால் 5.2 டன், தரையும் சுவரும் தனி. ஆனால் கைமரம் உத்திரத்தோடும், உத்திரம் கம்பத்தோடும், கம்பம் கல் காலோடும் இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு ஒரே சங்கிலியாகப் பிடித்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் 3.4 டன் கீழே சும்மா கிடக்கும், கூரை பக்கத்துத் தோப்பில் கிடக்கும். ஓரத்து ஓடுகளையும் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள்.

அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்காங்க?

இதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். மேலே சொன்ன மூன்றையும் கால்குலேட்டர் வைத்துத் தீர்க்கலாம். இதை முடியாது.

நீலகிரியில் முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி யானைகள் காலங்காலமாக நடக்கும் வழி. அங்கே நகரத்து ஆட்கள் அமைதி தேடித் தங்குவதற்கென்று ரிசார்ட்டுகளும் குடில்களும் முளைத்தன. அவற்றைச் சுற்றி வேலி, மின்வேலி, ராத்திரி விளக்கு. 2010-ல் தமிழக அரசு அந்த வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. வழக்கு டெல்லிக்குப் போய், 2018-ல் பல ரிசார்ட்டுகள் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிக்கையை உறுதி செய்தது.

சீல் வைக்கப்பட்ட குடில்களில் ஒன்று மிக அழகாக, ஒரு மரம் கூட வெட்டாமல் கட்டப்பட்டிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் யானைக்கு என்ன லாபம்? கல் கால், ஓட்டுக் கூரை, ஜல்லி வாய்க்கால் எல்லாம் சரியாக இருந்தும் இடம் தப்பு என்றால் டிசைன் தப்பு. சில இடங்களில் நல்ல எஞ்சினியர் போட வேண்டிய பிளான் வெள்ளைத் தாள்தான்.

எங்கள் பிளான்

கடைசியில் நாங்கள் காட்டையே விட்டுவிட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு உள்ளே தள்ளி, பட்டா நிலத்தில் ஒரு பழைய முந்திரித் தோப்பை சைட்டாக எடுத்துக்கொண்டோம். மொத்தம் 12-க்கு 12 அடி. அதில் 12-க்கு 8 அறை, முன்னால் 12-க்கு 4 திண்ணை. தரை மட்டம் மண்ணிலிருந்து 2 அடி உயரம், குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கிற அளவு. எதிரெதிரே இரண்டு பெரிய ஜன்னல், கொசுவலையோடு. மேலே முகட்டில் சூடு வெளியேற ஒரு திறப்பு. படுக்கப் பலகை, அதன் அடியில் பெட்டி, ஜன்னலோரம் மடக்கு மேசை. சமையல் வெளியே, கூரையிலிருந்து தள்ளி. கழிவறை இன்னும் தள்ளி. ஒரு மரமும் போகவில்லை. ஒரே ஒரு கால் மட்டும் வேருக்காக எட்டு அங்குலம் நகர்ந்தது. வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த நகர்ந்த காலைப் பற்றித்தான் பதினைந்து நிமிடம் கேட்டார்!

நண்பர்களே, இந்தப் பிராஜெக்டுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பழைய வீட்டின் சன்ஷேடில் ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாக ஒரு வேப்பமரம் மாடிக்கு மேலே போகிறது. எத்தனையோ வருடம் அந்த வழியாகப் போய் வந்திருக்கிறேன், பார்த்ததில்லை. யாரோ ஒரு மேஸ்திரி சென்ட்ரிங் அடிக்கும்போது "மரம் இருக்கட்டும், தளத்தை ஒதுக்கிப் போடலாம்" என்று சொல்லியிருப்பார். அது எந்த டிராயிங்கிலும் இருந்திருக்காது.

நாளைக்கு நாம் வேலைக்குப் போகும்போது பிளான் யாரோ போட்டிருப்பார்கள், பணம் யாரோ கொடுப்பார்கள். ஆனால் காலை ஏழு மணிக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடும் இடத்தில் நிற்பது டிப்ளமோ படித்த நாம்தான். "சார், இந்த மரம் குறுக்கே நிக்குது, வெட்டிடலாமா?" என்று மேஸ்திரி நம்மிடம்தான் கேட்பார்.

அப்போது உடனே தலையாட்டிவிடாமல், ஒரு நிமிடம் டேப்பை எடுத்துச் சுற்றளவு பாருங்கள். அதற்குத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.



மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்,
ராயப்பேட்டை